பாரம் தெரியாத வண்டி

மாதேசோட பிக்கப் வண்டி பாரம் சுமக்கிறதை விட்ட நாள்லேருந்து அந்தப் பாரத்தை எங்க ஊரு ஈச்சவளவு சனம்தான் சுமந்துச்சு, ஆம்பளை பொம்பளை வித்தியாசம் இல்லாம, இடுப்பு விட்டுப்போயி, முட்டி தேஞ்சு, குந்தின எடத்துல குழி விழுந்து சுமந்துச்சு. அதுல என்னை மட்டும் சேக்காதீங்க, நான் தாலி அறுத்தவ, கெளம்புற வண்டிமேல என் கை படக்கூடாதுன்னு ஊருல கட்டுப்பாடு, அதனால ஊரே தவழ்ந்துக்கிட்டுக் கெடந்தப்போ இந்தப் பாவாயி ஒருத்திதான் நிமிந்து நடந்தா.

எங்க ஊரு மலைமேல. மரவள்ளிக் கெழங்கை விட்டா எங்களுக்கு வேற போக்கு இல்ல. அந்தக் கெழங்குக்கு ஒரு கெட்ட குணம், மண்ணுக்குள்ள கெடக்கிற வரைக்கும் மாசக்கணக்குல சும்மா கெடக்கும், பிடுங்கி வெளிய போட்டா அன்னைக்கே கீழ இருக்கிற, ஜவ்வரிசி செய்யிற சேகோ மில்லுக்குப் போய்ச் சேந்தாகணும், ஒரு நாள் தவறுனா உள்ள நீலம் ஓடிடும், மில்லுக்காரன் ரெண்டா ஒடிச்சுப் பாத்துட்டு குப்பையில கொட்டும்பான். ஊருக்கு இருந்தது ஒரே வண்டி, அது என் மருமகன் மாதேசோடது, வளைஞ்சு வளைஞ்சு எறங்குற மலைப்பாதையில ஒரு நாளைக்கு ஒரு நடைக்குமேல போய்வர முடியாது, அதனால யாரு மூட்டை ஏறும், யாரு மூட்டை கெடந்து அழுகும்னு தெனமும் களத்துமேட்டுல சண்டை, அண்ணன் தம்பி பேச்சு நின்னுச்சு, சம்பந்திங்க மொறைச்சுக்கிட்டாங்க. வண்டிக்கு இவ்வளவுதான் ஏத்தலாம்னு ஒரு அளவு இருக்கே, அதுக்குமேல ஏத்துனா பின்னாடி குந்திக்கும், மூஞ்சி வானத்தைப் பாக்கும், ஸ்டேரிங்கு கைக்கு அடங்காது. கடைசியில ஊர்க்கூட்டம் போட்டாங்க, பெரியதனக்காரர் வரதப்பன் எழுந்து, "மாதேசு, நீ கீழ போயி, வண்டி குந்தாம இருக்க ஸ்பிரிங்குக்கு இன்னொரு இரும்புப் பட்டை சேத்துப் போட்டுக்கிட்டு வந்துடுப்பா, இது ஊரு சொல்ற பேச்சு"ன்னாரு. ஊரு சொன்னா மாதேசு மறுத்துப் பேச மாட்டான், அதுதான் அவன்கிட்ட இருந்த ஒரே கெட்ட பழக்கம்.

கீழ டவுன்ல ஜமால் பாய் பட்டறை. அவரு வண்டிக்கு அடியில படுத்துப் பாத்துட்டு வெளிய வந்து, "தம்பி, பட்டைதானே, போட்டுடலாம், பட்டை தாங்கும். பிரேக்கு பழைய பிரேக்குதான், ஆக்சிலு பழைய ஆக்சிலுதான், டயரு வெறும் ரப்பருதான். பின்னாடி குனியலைங்கிறதுக்காக பாரம் இல்லைன்னு நெனைச்சுக்காத"ன்னு சொன்னாராம். மாதேசு, "போடுங்க பாய், ஊரு கேக்குது"ன்னானாம். அந்தப் பட்டை எந்த வண்டியிலேருந்து வந்துச்சுன்னு பின்னாடி ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க, பாதாளத்துல உருண்ட லாரியோடதும்பான் ஒருத்தன், கோயில் மணியை உருக்கி அடிச்சதும்பான் இன்னொருத்தன், ஜமால் பாயைக் கேட்டா பழைய இரும்புக் கடையில வாங்கினதுன்னு முடிச்சுக்குவாரு. எனக்குத் தெரியாது, தெரிஞ்சு இப்ப ஆகப்போறதும் ஒண்ணுமில்ல.

எங்க ஊருல ஒரு வழக்கம் உண்டு. கெழங்கு வண்டி கெளம்பறப்போ, அதுல மூட்டை வச்சிருக்கிறவங்க எல்லாரும் பின்பக்கப் பலகையில உள்ளங்கையால ஒரு தட்டு தட்டி "போலாம்"னு சொல்லணும், அப்பதான் சரக்கு சேதாரம் இல்லாம போய்ச் சேரும். கை வச்சு அனுப்புறதுன்னு அதுக்குப் பேரு. பட்டை போட்டு வந்த மொத நாளு ரெண்டு பங்கு மூட்டை ஏத்துனாங்க, வண்டி ஒரு விரக்கடை குனியல, சும்மா நின்ன மாதிரியே நின்னுச்சு, எல்லாரும் வாயைப் பொளந்துக்கிட்டுப் பாத்தாங்க, சந்தோசமா ஆளாளுக்குத் தட்டி "போலாம்! போலாம்!"னு கத்துனாங்க. வண்டி நகந்துச்சு. நகந்ததுதான் தாமதம், தட்டுனவங்க அத்தனை பேரும் நின்ன எடத்துலயே பொத்துன்னு உக்காந்தாங்க. நடுமுதுகுல ஒரு மூட்டையை யாரோ எறக்கி வச்ச மாதிரி இருந்துச்சாம். வேட்டியைச் சரிபண்ணக்கூட முடியாம வரதப்பன் மல்லாக்க விழுந்து கெடந்தாரு. பொழுது சாயுறப்போ, மில்லுல கடைசி மூட்டையை எறக்கின அதே நேரத்துக்கு எல்லாருக்கும் கனம் விட்டுப்போச்சு, ஒரே நேரத்துல எழுந்து புழுதியைத் தட்டிக்கிட்டு அவங்கவங்க வீட்டுக்குக் காபி குடிக்கப் போனாங்க.

வேற ஊரா இருந்தா பேய்ன்னு ஓடியிருப்பாங்க, பத்திரிகைக்காரனைக் கூப்பிட்டிருப்பாங்க. எங்க ஊருல கூட்டம் போட்டாங்க. வண்டி அதோட அளவுக்கு மட்டும் சுமக்குது, மேல ஏத்துறதெல்லாம் கை வச்சவங்களுக்குப் பங்கா வருது, தலைக்கு ஒரு மூட்டை கனம், ஒரு மூட்டைதானே, தூக்காததா, கெழங்கு அழுகுறதுக்கு இது எவ்வளவோ தேவலாம்னு பேசி முடிச்சு வெத்தலை போட்டுக்கிட்டுக் கலைஞ்சாங்க. மறுநாள்லேருந்து அதுவும் ஒரு வேலையாப் போச்சு. கட்டில்ல உக்காந்தா கட்டில் ஒடிஞ்சுது, நாக்காலியில உக்காந்தா நாக்காலி போச்சு, அதனால எல்லாரும் களத்துமேட்டுத் தரையில வரிசையா உக்காந்துக்குவாங்க, பொம்பளைங்க அவரைக்கா உரிப்பாங்க, ஆம்பளைங்க செல்லுல படம் பாப்பாங்க, உக்காந்த எடம் கொஞ்சங்கொஞ்சமா அமுங்கி ஆளுக்கு ஒரு குழியாச்சு, என் குழி உன் குழின்னு பாத்தியதை வந்துச்சு, ரெண்டு பாகம் பிரிச்சுக்கிட்ட ஒரு வீட்டுல அப்பன் குழி மூத்தவனுக்குன்னு பஞ்சாயத்துல பேசுனாங்க. பொண்ணு பாக்க வர்றவங்க கழுத்தையும் காதையும் விட்டுட்டு முட்டியைப் பாத்தாங்க. டவுனு டாக்டரு எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடிச்சுப் பாத்துட்டு, "உங்க ஊருல எல்லாரும் மூட்டை தூக்குறவங்களா?"ன்னு கேட்டாராம், ஆமான்னு சொல்லிட்டு வந்தாங்க. அது பொய்யும் இல்லையே.

எனக்குத்தான் வேலை சேந்துச்சு. காலையில என் மூஞ்சியில முழிச்சா காரியம் கெட்டுப்போகும்னு திரும்பிக்கிட்டுப் போனவளுங்க எல்லாம் இப்ப பகல் பூரா, "ஏ பாவாயி, கொஞ்சம் தண்ணி", "பாவாயி, அடுப்புல உலை கொதிக்குது எறக்கிடு", "பாவாயி, எம்புள்ளை அழுவுது பாரு"ன்னு கூப்பிட ஆரம்பிச்சாளுங்க. நான் போவேன். வாயில திட்டிக்கிட்டே போவேன். இப்ப மட்டும் எங்கடி போச்சு உங்க சகுனம்னு கேப்பேன், பல்லைக் காட்டுவாளுங்க. எம்புருசன் செத்தப்போ இந்த ஊரு என்னை எங்க நிறுத்திச்சோ அங்க நின்னதாலதான் என் முட்டி நல்லா இருக்குன்னு நெனைக்கறப்போ எனக்கே சிரிப்பு வரும், சிரிச்ச கையோட அழுகையும் வரும்.

பூசாரி சடையன் ஒரு நாளு வெயில் தாங்காம உக்காந்த எடத்துலயே மயக்கம் போட்டு விழுந்துட்டாரு. அவரு பங்கு கனம் அந்த நிமிசமே வண்டிக்குத் திரும்பிப் போச்சு, எறக்கத்துல வளைவுல போய்க்கிட்டிருந்த வண்டியில சடக்குன்னு கனம் ஏறி டயரு வெடிச்சு, மாதேசு மூஞ்சியெல்லாம் செராய்ச்சுக்கிட்டு வந்து சேந்தான். அதுலேருந்து யாரையும் அசர விடக்கூடாதுன்னு எனக்கு உத்தரவு. மயங்குற மாதிரி தெரிஞ்சா மூஞ்சியில தண்ணி அடிக்கணும், மோரு குடுக்கணும், மூஞ்சியில அறைஞ்சாலும் தப்பில்லை. நான் அறைஞ்சிருக்கேன், பொய் சொல்ல மாட்டேன், வரதப்பனை ஒரு தரம் ரெண்டு கன்னத்துலயும் நல்லாவே அறைஞ்சேன்.

வண்டி அவ்வளவு தாங்குதுன்னு தெரிஞ்சதும் விட்டாங்களா? பலகைக்கு மேல பலகை வச்சு ஒசத்துனாங்க. ராகி போட்ட காட்டையும் சாமை போட்ட காட்டையும் அழிச்சு மரவள்ளி நட்டாங்க. தலைக்கு ஒரு மூட்டை ரெண்டாச்சு, ரெண்டு மூணாச்சு. கனம் ஏற ஏறக் கை கொறைய ஆரம்பிச்சுது. எனக்கு இன்னைக்கு மூட்டை இல்லையேன்னான் ஒருத்தன். எனக்குக் குடல் எறக்கம்னான் ஒருத்தன். திருப்பூருல மகன் வீட்டுக்குப் போறேன்னு போன ஒரு குடும்பம் கெழங்கு சீசன் முடிஞ்சுதான் வந்துச்சு. மறுபடியும் கூட்டம். கோயில் வரி போடுற மாதிரி தலைக்கட்டுக் கணக்குல மொறை போட்டாங்க, மொறை வந்த வீட்டுலேருந்து ஒரு ஆளு கை வைக்கணும்னாங்க. காடு அதிகம் வச்சிருக்கிற வரதப்பன் அவரு மொறைக்குப் பண்ணையத்து ஆளை அனுப்புனாரு, அதைப் பாத்து மத்தவங்களும் ஏமாந்தவனை அனுப்புனாங்க. மொறைக்காரன் வரலைன்னா? அதுக்கும் வரதப்பன் வழி சொன்னாரு. "வண்டி மாதேசோடது. ஆளு கொறைஞ்சா அவன் வீட்டுலேருந்து நின்னுக்கட்டும்."

மாதேசு ஓட்டுறவன், ஸ்டேரிங்கைப் பிடிச்ச கை பலகையைத் தட்ட முடியாது. அவன் வீட்டுல என்னை விட்டா மிச்சம் இருந்தது யாரு? எம்மக இலஞ்சியம். எனக்கு இருக்கிற ஒத்தைப் புள்ளை. மாசமா வேற இருந்தா.

மாசமா இருக்கிறவளைக் கை வைக்கச் சொல்ல மாட்டாங்க, அந்தளவுக்கு ஊருல ஈரம் இருந்துச்சு. ஆனா எங்க ஊருல ஒருத்தி மாசமா இருக்கிறது ஊருக்கு எப்பக் கணக்குன்னா, ஏழாம் மாசம் சுமங்கலிங்க கூடி வளையல் போட்ட பின்னாடிதான். அதுக்கு முன்னாடி வயிறு வாசப்படியை இடிச்சாலும் யாரும் அதைப் பாத்ததாக் காட்டிக்கக்கூடாது, பேசுனா கண்ணு பட்டுடும். வளையல் போட நான் தகுதி இல்ல. போடத் தகுதி உள்ளவளுங்க எல்லாரும் பகல்ல குழியில உக்காந்திருந்தாளுங்க, சாயங்காலம் எழுந்தா முட்டி வீங்கி ஒருத்தியாலயும் மணை போட்டுக் குந்தி எழுந்திருக்க முடியல. வீடு வீடாப் போயிக் கெஞ்சினேன். "கெழங்கு முடியட்டும் பாவாயி, ஜாம்ஜாம்னு போட்டுடலாம்"னாளுங்க. ஏழு முடிஞ்சு எட்டு பொறந்துச்சு. எம்மக வாராவாரம் போயிக் கை வச்சுட்டு வந்து, சுவத்துல சாஞ்சு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பா, நான் அவ காலை அமுக்கி விடுவேன், அமுக்குன எடத்துல விரல் போட்ட குழி எழும்பவே எழும்பாது.

பெரியதனக்காரரு வீட்டுக்குப் போனேன். கூடத்துல அவரு ஈசிச்சேருல படுத்திருந்தாரு, நான் வாசல்லயே நின்னேன்.

"அண்ணா, எம்மகளை மொறையிலேருந்து எடுத்துடுங்க. உள்ள இருக்கிற உசுரு பாரம் தாங்குமா?"

"என்ன உசுரு? வளையல் போட்டாச்சா?"

"போட வர யாராலயும் முடியலைன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாத விசயத்தை நான் எப்படிம்மா கூட்டத்துல பேசுறது? மொறைன்னு ஒண்ணு இருக்கில்ல. இன்னைக்கு உனக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் எம்மவளும் மாசம்னு வருவாங்க."

"அப்ப நான் நிக்கிறேன். அவளுக்குப் பதிலா நான் கை வைக்கிறேன்."

அவரு எழுந்து உக்காந்தே போயிட்டாரு. "நல்லா இருக்கு பேச்சு! மலை எறங்குற வண்டியில உன் கையா? ஓட்டுறவன் உன் மருமகன், ஞாபகம் இருக்கட்டும்."

மாதேசுகிட்டப் பேசினேன். வண்டிக்குக் கீழ படுத்து எதையோ முடுக்கிக்கிட்டிருந்தான்.

"மாதேசு, பாரத்தைக் கொறைச்சு ஏத்து. வண்டி தாங்குறதை மட்டும் ஏத்து, யாரும் கை வைக்க வேண்டியதில்ல."

"ஊரு விடாது அத்தை. அழுகுற மூட்டையைக் கொண்டாந்து நம்ம வாசல்ல கொட்டுவாங்க."

"கொட்டட்டும். அவ ஒவ்வொரு தரமும் எப்படி வந்து சேர்றான்னு உனக்குத் தெரியுமா? நீ விசிலடிச்சுக்கிட்டுப் போற."

வெளிய வந்து கையைத் தொடைச்சுக்கிட்டான். "எனக்கு ஒண்ணுமே தெரியறதில்ல அத்தை, அதுதான் எனக்குப் பயமா இருக்கு. காலி வண்டி மாதிரிதான் போவுது. பிரேக்குல காலு வச்சு எத்தனையோ நாளாச்சு. இந்த மழைக்கு முன்னாடி ஒரே ஒரு நடை, மில்லு சாத்தப் போறான். இதோட சரி. அப்புறம் அவளைக் கூட்டிக்கிட்டு உங்க தம்பி ஊருக்கே போயிடறேன்." நல்ல புள்ளை. நல்ல புள்ளைங்கதான் இப்படி ஒரே ஒரு நடைம்பாங்க.

அந்தக் கடைசி நடைக்கு வானம் கறுத்துக்கிட்டு நின்னுச்சு. காட்டுல மிச்சம் இருந்த கெழங்கை எல்லாம் ஊரு பிடுங்கிக் கொண்டாந்து போட்டுச்சு, பலகைக்கு மேல கம்பு நட்டு, கம்புக்கு மேல மூட்டை அடுக்கி, கயிறு போட்டுக் கட்டினப்போ வண்டி எங்க இருக்குன்னே தெரியல, மூட்டை மலைதான் தெரிஞ்சுது. கை வைக்க வந்தது மொறைக்காரங்க கொஞ்சம் பேரு, பண்ணையத்து ஆளுங்க, எம்மக இலஞ்சியம். மத்தவங்க எல்லாம் தள்ளி நின்னு வேடிக்கை. ஒவ்வொருத்தரா தட்டுனாங்க, "போலாம்"னு சத்தமே வரல. இலஞ்சியம் கடைசியாப் போயி உள்ளங்கையை வச்சா. என்னைத் திரும்பிப் பாத்தா. அந்தப் பார்வையைப் பாத்த பின்னாடி எந்தத் தாய் சும்மா நிப்பா?

கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு ஓடி, என் ரெண்டு கையையும் அந்தப் பலகையில ஓங்கி அடிச்சேன். "போலாம்! போலாம்! எல்லாத்தையும் எனக்குக் குடு, எம்மகளை விட்டுடு!"ன்னு கத்துனேன்.

அய்யோ அய்யோன்னு ஊரே அலறுச்சு. ரெண்டு பேரு என் தோளைப் பிடிச்சு இழுத்து மண்ணுல தள்ளுனாங்க. வரதப்பன் வாயில நுரை தள்ளக் கத்துனாரு, "தோஷம்! கழுவுங்க! மஞ்சத்தண்ணி கொண்டாங்கடா!" யாரோ ஓடிப்போயி மஞ்சளும் சுண்ணாம்பும் கரைச்சுக் குடத்தோட கொண்டாந்தாங்க. என் கை பட்ட பலகையில ஊத்துனாங்க. அதோட விடல, எங்கெங்க பட்டிருக்குமோன்னு பலகை பூராவும் மேலேருந்து கீழ வரைக்கும் வைக்கோல் வச்சுத் தேச்சுக் கழுவுனாங்க, குடம் குடமா ஊத்துனாங்க, சிவப்புத் தண்ணி வழிஞ்சு மண்ணுல ஓடுச்சு. கழுவி முடிஞ்சதும் ஒரு பண்ணையத்து ஆளு, "நாங்க மறுபடியும் கை வைக்கணுமா?"ன்னு கேட்டான். ஏற்கெனவே வச்சாச்சே, ரெண்டாந்தரம் வச்சா ரெண்டு பங்கு வந்துடும்னு ஒருத்தன் சொன்னான், ஆமாம் ஆமாம்னு எல்லாரும் பின்னால நகந்துக்கிட்டாங்க. வரதப்பனும் தூர நின்னே கையை ஆட்டி, "கெளம்புப்பா, மழை வருது"ன்னாரு.

வண்டி நகந்துச்சு. கை வச்சவங்க எல்லாரும் குழியில உக்காந்து பல்லைக் கடிச்சுக்கிட்டுக் காத்திருந்தாங்க. நானும் மண்ணுல கெடந்தபடியே எனக்கு வரும் வரும்னு காத்திருந்தேன். ஒண்ணும் வரல. ஒருத்தன் எழுந்து நின்னு காலை உதறிப் பாத்தான். இன்னொருத்தன் குதிச்சான். "எனக்கு வரலப்பா!" "எனக்கும் வரல!" "பாவாயி எல்லாத்தையும் வாங்கிக்கிட்டாடா!"ன்னு ஒருத்தன் சொல்ல, ஊரே சிரிச்சுது. எம்மக எழுந்து எங்கிட்ட வந்தா, எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் கையை ஊனாம எழுந்து வந்தா, மூஞ்சியெல்லாம் சிரிப்பு, "அம்மா, லேசா இருக்கும்மா, புள்ளை உதைக்குதும்மா"ன்னு என் கையை எடுத்து வயித்துல வச்சுக்கிட்டா. உதைச்சுது. என் வாழ்க்கையில நான் அவ்வளவு சந்தோசப்பட்டதில்ல. எனக்குக் கனம் வரலையேன்னு அப்பத்தான் ஒறைச்சுது.

எனக்கு வரல. அவளுக்கு வரல. யாருக்கும் வரல. தலையைத் திருப்பிப் பாத்தேன். வண்டி போன மண்பாதையில ரெண்டு பக்கமும் டயரு தடம், முழங்கால் ஆழத்துக்கு அமுங்கி, ஓரத்து மண்ணு பொளந்து கெடந்துச்சு. என் கையைக் கழுவறேன்னு அவங்க எல்லார் கையையும் கழுவி விட்டுட்டாங்க.

"போனைப் போடுடி! அவனுக்குப் போனைப் போடு!"ன்னேன். எறக்கம் தொடங்குனா டவரு கெடைக்காது, அது எல்லாருக்கும் தெரியும், இருந்தும் அவ போட்டுக்கிட்டே இருந்தா. ஆம்பளைங்க ஓடப் பாத்தாங்க, நாலு எட்டு வைக்கிறதுக்குள்ள முட்டியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாங்க. ஓடுறதுக்குக் காலு இருந்தது எனக்கு மட்டும்தான். ஓடுனேன். சீலை அவுந்துச்சு, சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு ஓடுனேன். மாதேசு, நிறுத்துடா, எறங்கிடுடா, வண்டி போனாப் போவுது எறங்கிடுடான்னு மலைக்குக் கேக்குற மாதிரி கத்திக்கிட்டே ஓடுனேன். அவனுக்கு மொத வளைவுலயே தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சு பிரேக்கை அமுக்கியிருப்பான், ரோட்டுல கறுப்பா நீளமா தேஞ்ச தடம் இருந்துச்சு, அடுத்த வளைவுல மறுபடியும் இருந்துச்சு, அதுக்கு அடுத்ததுல தீஞ்ச வாடைதான் இருந்துச்சு, தடம் இல்ல. தடுப்புச் சுவரு ஒடைஞ்சிருந்துச்சு. அந்தப் பட்டை ஒடையவே இல்ல, கவுந்து கெடந்த வண்டியில அது மட்டும் அப்படியே இருந்துச்சு. மூட்டை மலைக்கு அடியிலேருந்து நான் ஒவ்வொண்ணா இழுத்துப் போட்டேன், மழை கொட்டுது, எம்புள்ளை மாதேசு கையி தெரிஞ்சுது, பிடிச்சேன், சில்லுன்னு இருந்துச்சு. ஊரு சனம் வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. வந்தவங்கள்ல ஒருத்தன் செதறிக் கெடந்த கெழங்கை ஒடிச்சுப் பாத்துட்டு, "இன்னும் நீலம் ஓடல"ன்னு பக்கத்துல இருந்தவன்கிட்டச் சொன்னான். என் காதால கேட்டேன்.

முண்டச்சி கை பட்டுதுல்ல, அதான்னு ஊரு பேசுச்சு, இன்னும் பேசுது. பேசட்டும். எம்மகளுக்கு வளையல் போட ஒருத்தியாலயும் வர முடியலைல்ல, ஒடைக்க எல்லாரும் வந்தாளுங்க. முட்டி வீங்கினவளும் வந்தா, கோலை ஊனிக்கிட்டு வந்தா. புள்ளை பத்திரமா பொறந்துச்சு, ஆம்பளைப் புள்ளை, அப்பன் ஜாடை.

அடுத்த சீசனுக்கு வரதப்பன் புது பிக்கப் எடுத்தாரு. பழைய வண்டியிலேருந்து அந்தப் பட்டையைக் கழட்டி அதுல போட்டாங்க. ஓட்டுறதுக்கு அசலூரு பையன் ஒருத்தன், மீசை கூட சரியா வரல. மறுபடியும் கூட்டம், மறுபடியும் தலைக்கட்டு மொறை. மாதேசு வீடு வந்தப்போ யாரோ, "அதை விட்டுடுங்க, அங்க ரெண்டுமே தாலி அறுத்தது"ன்னாங்க, அடுத்த வீட்டுக்குப் போயிட்டாங்க. இனிமே எவனும் எம்மகளைக் கை வைக்கக் கூப்பிட மாட்டான். இதைத்தானே நான் சாமிகிட்ட அழுது கேட்டேன், இப்படியா குடுப்ப பாவி?

மொத நடை போன அன்னைக்கு வெயில் கொளுத்துச்சு. களத்துமேட்டுலேருந்து, "ஏ பாவாயி, தண்ணி! பாவாயி, கண்ணைக் கட்டுதுடி, தண்ணி!"ன்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. வாசல்ல குடம் நெறைய தண்ணி இருந்துச்சு. நான் அதைத் தூக்கி மண்ணுல கவுத்தேன். நாக்கு வறண்டு சாவட்டும்னு சத்தமாவே சொன்னேன், அவங்களுக்குக் கேக்கணும்னுதான் சொன்னேன். மயங்கி விழட்டும், அத்தனை பேரும் விழட்டும்.

இலஞ்சியம் புள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டு உள்ள உக்காந்திருந்தா. தலையைத் தூக்கல.

"அம்மா, வண்டி இந்நேரம் வளைவுல எறங்கிட்டிருக்கும்"னா.

காலிக் குடத்தை ஓரமா உருட்டி விட்டேன்.

"அந்தப் பையனோட அம்மா பேரு என்னன்னு உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. குடத்தை எடுத்து மறுபடியும் மொண்டேன், இடுப்புல வச்சுக்கிட்டுக் களத்துமேட்டைப் பாத்து ஓடுனேன்.